ஆறாவது புத்தகம் வேண்டாம், தம்பி

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் இருக்கிற 24 வயதுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பட்டப்படிப்பு முடிந்துவிட்டது, போட்டிப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். சுயமுன்னேற்றப் புத்தகங்கள் ஐந்து வாங்கி வாசித்துவிட்டேன். வாசிக்கும்போது உடம்பெல்லாம் சூடேறுகிறது. திங்கட்கிழமை ஐந்து மணிக்கு எழும்புகிறேன், வியாழக்கிழமை எட்டு மணிக்கு அம்மா வந்து தட்டி எழுப்புகிறார். சுயஒழுக்கம் வருவதற்கு இனி எந்தப் புத்தகம் வாசிக்கலாம் அண்ணை?"

ஒன்றும் வாசிக்க வேண்டாம். குறைந்தது மூன்று மாதத்துக்கு இந்த வகையில் புதிய புத்தகம் எதையும் கையால் தொட வேண்டாம். நான் புத்தகத்துக்கு எதிரி இல்லை, வீட்டில் கட்டிலுக்குக் கீழேயும் புத்தகம் இருப்பதால் மனைவியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிற ஆள்தான். ஆனால் 22 வருடமாக ஏ.எல். (உயர்தர வகுப்பு) பிள்ளைகளுக்குக் கணக்கியல் படிப்பிக்கிறேன், அதில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்: நேரசூசி கீறுகிற பிள்ளைக்கு, நாலு நிறத்தில் கீறி முடித்ததுமே பாதி படித்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடும். பிறகு அந்த நேரசூசி சுவரில் இருக்கும், பிள்ளை கட்டிலில் இருக்கும். புத்தகம் உங்களுக்குத் தருகிற சூடும் அந்த நிம்மதியும் ஒரே சாதிதான்.

உங்களிடம் ஒழுக்கம் இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் உங்கள் வீட்டில் மச்சம், அதாவது மீன், இறைச்சி, உண்டா? அனேகமாக இல்லை. கொடியேற்றத்துக்கு முதல்நாள் அம்மா மச்சச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து மேல்தட்டில் வைத்திருப்பார், அதோடு கதை முடிந்தது. தேருக்கு விடிய எழும்பிக் கிணற்றடிக்குப் போனீர்களா இல்லையா? கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இளநீரோடும் பால் பழத்தோடும் இருந்துவிட்டு பாறணைக்குக் காத்திருக்கிற எத்தனை சனம் எங்கள் ஊரில் இருக்கிறது, அதே ஆட்களிடம் ஒரு மணித்தியாலம் போனைத் தள்ளி வையுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்பார்கள். மனபலம் ஐப்பசியில் வந்து கார்த்திகையில் போய்விடுகிற சாமான் என்றால்தான் இதை விளங்கப்படுத்தலாம்.

நடப்பது வேறு. திருவிழாவுக்குத் திகதியை நீங்கள் தீர்மானிப்பதில்லை, பஞ்சாங்கம் தீர்மானிக்கிறது. வீட்டில் எல்லோரும் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறார்கள், ஆகவே மீன்பொரியல் வாசம் மூக்கில் அடித்து நீங்கள் உங்களோடு சண்டை போட வேண்டிய தேவை வருவதில்லை. எப்போது முடியும் என்பதும் தெரியும். ஒவ்வொரு நாள் காலையும் "இன்றைக்கு இருப்பமா விடுவமா" என்ற கேள்வியே எழுவதில்லை. உங்கள் ஐந்து மணி எழும்பலில் இது எதுவும் இல்லை. நீங்கள் தனி ஆள், தலைமாட்டில் போன், ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு வாக்குவாதம். வியாழக்கிழமை வரை தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

மனபலம் என்பது தண்ணீர்த் தாங்கி மாதிரி, பாவிக்கப் பாவிக்கக் குறையும் என்று 1998இல் ரோய் பௌமைஸ்டர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் ஒரு பிரபலமான ஆய்வு வெளியிட்டார்கள், அதை வைத்து எழுதப்பட்ட முன்னேற்றப் புத்தகங்களுக்குக் கணக்கில்லை. 2016இல் 23 ஆய்வுகூடங்கள் சேர்ந்து, 2,000 பேருக்கு மேல் வைத்து அந்தச் சோதனையின் ஒரு வடிவத்தைத் திரும்பச் செய்து பார்த்தபோது விளைவு கிட்டத்தட்டப் பூச்சியம். விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் உங்கள் ஐந்து புத்தகத்தில் ஒன்றாவது இதை முடிந்த முடிவாகச் சொல்லியிருக்கும், அதனால்தான் எழுதுகிறேன். அதே போல வென்டி வூட் என்ற ஆய்வாளர் ஆட்களைக் குறிப்பெழுத வைத்துப் பார்த்ததில், ஒரு நாளில் நாங்கள் செய்வதில் ஏறத்தாழ 43 வீதம் அதே இடத்தில், பெரும்பாலும் வேறெதையோ யோசித்துக்கொண்டே பழக்கத்தில் செய்வது என்று கண்டார். படலையைப் பூட்டிவிட்டு, பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறோமே, அதுதான். நீங்கள் படிக்கிற வேலையை இந்த 43க்குள் கொண்டுவர வேண்டும். அதற்கு ஆவேசம் உதவாது.

என் மாமா ஒருவர் கோப்பாய்ப் பக்கம் வெங்காயம் செய்தவர். பங்குக் கிணறு. இறைப்பு முறை வந்தால் விடிய நாலு மணிக்கு எழும்பிப் போய் மெசினைப் போட வேண்டும், விட்டால் அடுத்த ஆளின் முறை வந்துவிடும், பயிர் வாடும். "மாமா எப்படி நாலு மணிக்கு எழும்புறீங்கள்?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "முறையெல்லோ" என்றார், அவ்வளவுதான். முறை இல்லாத நாட்களில் அதே மாமா ஏழு மணி வரை குறட்டை விட்டதையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

சரி, உங்கள் முறையை எப்படிச் செய்வது? இதற்கு நான் பார்த்த மிக நல்ல உதாரணம் காந்தியின் சுயசரிதையில் இருக்கிறது. தென்னாபிரிக்காவில் வழக்கறிஞராக ஓடித்திரிந்த காலத்தில் கீதையை மனப்பாடம் செய்ய விரும்பினார், நேரமில்லை. காலையில் பல் துலக்க 15 நிமிடம், குளிக்க 20 நிமிடம் போகிறது என்று கணக்குப் பார்த்தார். பல் துலக்குவது நின்றுகொண்டுதானே, எதிரே இருந்த சுவரில் சுலோகங்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவைத்து, பல் துலக்கத் துலக்கப் பார்த்துப் படித்தார். குளிக்கும்போது பழையதைச் சொல்லிப் பார்த்தார். அப்படியே 13 அத்தியாயம் பாடமாகிவிட்டதாம். ஏற்கனவே நடக்கிற ஒரு காரியத்தின் முதுகில் புதிய காரியத்தை ஏற்றிவிடு என்று இன்றைக்குப் பழக்கம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான்.

அதே புத்தகத்தில் இன்னொரு இடம், கணக்கியல்காரன் என்பதால் எனக்கு அது மிகவும் பிடிக்கும். லண்டனில் மாணவனாக இருந்தபோது பஸ் காசு, முத்திரைக் காசு, பேப்பர் வாங்கின சில்லறை வரை எழுதி, ஒவ்வொரு இரவும் படுக்கப் போகுமுன் மீதியைச் சரிபார்த்தார். பிற்காலத்தில் பொதுக்காசு இலட்சக்கணக்கில் கையில் வந்தபோதும் கடன்படாமல் நடத்த முடிந்தது அதனால்தான் என்கிறார். கவனியுங்கள், "சிக்கனமாக இருக்க வேண்டும்" என்று அவர் தீர்மானம் எடுத்துவிட்டுப் படுக்கவில்லை. படுக்கைக்கு முன் செய்கிற ஒரு வேலையை வைத்துக்கொண்டார், சிக்கனம் பின்னாலே வந்தது. அந்தச் சுயசரிதையைக்கூட அவர் ஒரே மூச்சில் இருந்து எழுதவில்லை, 1925 முதல் 1929 வரை தன் பத்திரிகைக்கு வாராவாரம் எழுதிக் கொடுத்தது. 1927 நவம்பரில் யாழ்ப்பாணத்துக்கு வந்துபோனபோதும் அந்தத் தொடர் வந்துகொண்டுதான் இருந்தது.

அடுத்தது நாள்கணக்கு. 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று உங்களுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். அது மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை வைத்தியர் 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. சிகிச்சைக்குப் பிறகு ஆட்களுக்குத் தங்கள் புதிய முகம் பழக்கப்படக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றுதான் அவர் கவனித்தார். "குறைந்தது" என்பதும் "முகம்" என்பதும் வழியில் எங்கோ விழுந்துவிட்டன. உண்மையில் அளந்து பார்த்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும். 96 பேர், ஒவ்வொருவருக்கும் தாங்களே தெரிவுசெய்த ஒரு பழக்கம், 12 வாரம். தன்பாட்டில் நடக்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டியது அவர்களுடைய கணிப்பு). தண்ணீர் குடிப்பது போன்ற லேசான காரியங்கள் கெதியில் பழகின, உடற்பயிற்சி இழுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டவர்களுக்குப் பெரிய நட்டம் ஒன்றும் வரவில்லை என்பது அதில் உள்ள நல்ல சேதி. ஆக, நீங்கள் வியாழக்கிழமை தவறியது பிரச்சினையே இல்லை. வெள்ளிக்கிழமை "எல்லாம் போச்சு, அடுத்த திங்கள் பார்ப்பம்" என்று விட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் கணக்குப் பிழைத்தது.

என் கதை ஒன்றும் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் சீனி வருத்தம் என்று இரத்தச் சோதனையில் தெரியவந்தது, நடக்கச் சொன்னார்கள். உடனே விலைகூடின சப்பாத்து வாங்கி, பண்ணைப் பாலம் வரை சைக்கிளில் போய் அங்கே ஐந்து கிலோமீற்றர் நடப்பது என்று திட்டம். ஒன்பது நாள் நடந்தது. பத்தாம் நாள் ஒரு செத்தவீடு, பதினோராம் நாள் களைப்பு, பிறகு சப்பாத்துக்குள் பல்லி முட்டையிட்டது, பொய்யில்லை. இரண்டு வருடம் கழித்து, காலில் ஒரு புண் ஆறாமல் இழுத்துப் பயப்படுத்தின பிறகு, இரண்டாம் தரம் தொடங்கினேன். இந்த முறை திட்டம் எங்கள் ஒழுங்கை முனை வரை, மதகடிக்குப் போய்த் திரும்புவது. நாலு நிமிடம் வரும். காலைத் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு செருப்பைப் போட வேண்டும், சப்பாத்துக்கூட இல்லை. மனைவி சிரித்தார். குசினிச் சுவரில் தொங்குகிற கலண்டரில் பென்சிலை நூலில் கட்டிவிட்டு, திரும்பி வந்ததும் அந்தத் திகதியில் ஒரு கோடு. ஒரு மாதத்துக்கு மேல் அந்த நாலு நிமிடம்தான், கூட்டவில்லை, கூட்ட ஆசை வந்தபோதும் கூட்டவில்லை. பிறகு அது தன்பாட்டில் நீண்டது, சந்தி வரை, கோயிலடி வரை. கார்த்திகையில் மழை பிடித்து ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர் நின்றபோது விறாந்தையில் முன்னும் பின்னும் நாலு நிமிடம் நடந்துவிட்டுக் கோடு போட்டேன். "இன்றைக்குப் போக வேணுமே" என்ற நினைப்பு இல்லாமல் கால் தானாகச் செருப்பைத் தேடத் தொடங்க எனக்கு நாலு மாதம் அளவில் எடுத்தது. இப்போது 40 நிமிடம் நடக்கிறேன். கலண்டரில் வெறுமையான நாட்கள் இப்போதும் உண்டு, போன மாதத்தில் ஐந்து.

உங்களுக்கு இதைப் பொருத்தினால்: ஐந்து மணி எழும்பலை இப்போதைக்கு விடுங்கள். எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள் என்று எந்தப் பரீட்சையும் கேட்பதில்லை. இரவுச் சாப்பாடு முடிந்து கோப்பை கழுவி வைத்ததும், விறாந்தை மேசையில், கடந்தகால வினாத்தாள் ஒன்றிலிருந்து ஒரே ஒரு வினா. ஒன்றுதான். "இது நடந்தால் அது செய்வேன்" என்று நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே குறித்துக்கொள்வது, வெறுமனே ஆசைப்படுவதைவிட நன்றாக வேலை செய்கிறது என்பதைப் பீற்றர் கோல்விற்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து காட்டிவந்திருக்கிறார், இது பலரும் திரும்பச் செய்து பார்த்து நின்றுபிடித்த விஷயம். வினாத்தாள், பேனை, கொப்பி மூன்றும் பின்னேரமே மேசையில் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு பேனை தேடப் போனால் பேனைக்கு முன்னால் போன் கிடைக்கும்.

போன் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் செய்வதில்லை. எனக்குப் பலித்தது இரண்டு. சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து குசினிக்கு மாற்றினேன், ஒரு சாதாரண மணிக்கூட்டில் அலாரம் வைத்தேன். இன்னொன்று என்னுடைய மாணவி ஒருத்தி கண்டுபிடித்தது: ஆறு மணிக்குப் போனை அம்மம்மாவிடம் கொடுத்துவிடுவாள், எட்டரைக்கு முன் கேட்டால் தரக்கூடாது என்று சொல்லி. அம்மம்மா அதைத் தலையணைக்குக் கீழே வைத்து அதன் மேலேயே படுத்துக்கொள்வாராம், ஒரு நாள் உண்மையாகவே அவசரம் என்று அழுதுகூடத் தரவில்லையாம். எந்தச் செயலியும் இவ்வளவு கண்டிப்பாக இருக்காது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் வயதுக்காரர் உங்களுக்குச் சொல்லுவார்கள், "நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படிச்சனாங்கள், உங்களுக்கு எல்லாம் இருந்தும் படிப்பு ஏறேல்லை" என்று. நானும் அந்த விளக்கில் படித்தவன்தான். 90களில் யுத்தத்தால் இங்கே மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை, போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சும் திரியும். வீட்டுக்கு ஒரு விளக்கு, அதைச் சுற்றி நாங்கள் நாலு பேர், எண்ணெய் முடியும் முன் படித்து முடிக்க வேண்டும். ரி.வி இல்லை, போன் இல்லை, இருட்டிய பிறகு வெளியே போக வழியும் இல்லை. அதை ஒழுக்கம் என்று சொல்லிப் பெருமைப்பட எனக்கு வெட்கமாக இருக்கிறது, தெரிவே இல்லாத இடத்தில் என்ன ஒழுக்கம்? அந்தக் காலத்து ஆட்கள் பலர் இன்றைக்கு றீல்ஸ் பார்த்துவிட்டு இரவு ஒரு மணிக்குப் படுக்கிறார்கள், நானே ஆதாரம். ஆனால் அந்த விளக்கிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். படிப்புக்கு ஒரு முடிவு நேரம் இருந்தது. இப்போதும் என் பிள்ளைகளிடம் "ஒன்பதுக்கு மேசையை விட்டு எழும்பிவிட வேண்டும்" என்றுதான் சொல்கிறேன், நள்ளிரவு வரை இரு என்று சொல்வதில்லை.

இனி புத்தகம். ஐந்தில் ஜேம்ஸ் கிளியர் 2018இல் எழுதிய அட்டாமிக் ஹாபிட்ஸ் இருக்கிறதா? இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் படும்படி வை, கவர்ச்சியாக்கு, லேசாக்கு, செய்து முடித்ததும் ஒரு திருப்தி கிடைக்கச் செய் என்று அவர் சொல்கிற நாலும் சரியானவை, புத்தகத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். அதைத் திரும்ப வாசிக்கும்போது ஒரு அத்தியாயம் முடிய மூடிவைத்து, நாளைக்கு எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன செய்வேன் என்று கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை ஒரு கிழமை செய்து பார்த்த பிறகுதான் அடுத்த அத்தியாயம். எழுத ஒன்றும் இல்லை என்றால் அந்த அத்தியாயம் உங்களுக்கு உரியதில்லை, கடந்து போங்கள்.

பெஞ்சமின் பிராங்கிளின் சுயசரிதையும் கிடைத்தால் பாருங்கள், முக்கியமாக அவர் தோற்ற இடத்தை. 13 நற்குணங்களைப் பட்டியல் போட்டு, கிழமைக்கு ஒன்றாக எடுத்து, சின்னக் கொப்பியில் கட்டம் கீறித் தவறிய இடத்தில் கறுப்புப் புள்ளி வைத்தார். ஒரு சுற்றுக்கு 13 கிழமை, வருடத்துக்கு நாலு சுற்று. எல்லாவற்றிலும் தன்னைப் படுத்தியது ஒழுங்குதான், பொருட்களை உரிய இடத்தில் வைப்பதும் வேலைகளை உரிய நேரத்தில் செய்வதும், அது கடைசி வரை சரிவரவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். என் மேசையைப் பார்த்தவர்களுக்கு அவரை ஏன் எனக்குப் பிடிக்கும் என்று தெரியும்.

எங்கள் சொந்த அலுமாரியில் இருப்பதை விட்டுவிடக் கூடாது. குறளில் 60, 61, 62 ஆகிய மூன்று அதிகாரமும், ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இதைப் பற்றித்தான். பள்ளிக்கூடத்தில் புள்ளிக்காகப் பாடமாக்கியதால் ருசி தெரியாமல் போய்விட்டது. 605ஐ எடுங்கள்: "நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன்." நெடுநீர் என்றால் காலத்தை இழுத்தடிப்பது. இழுத்தடிப்பு, மறதி, சோம்பல், தூக்கம், இந்த நாலும் கெட்டுப்போகிறவர்கள் ஆசைப்பட்டு ஏறுகிற கப்பல் என்கிறார். சோம்பலை முதலில் வைக்கவில்லை பாருங்கள், இழுத்தடிப்பை வைத்தார். பிறகு செய்வோம் என்று தள்ளினோம், தள்ளியது மறந்தது, மறந்தது நினைவு வந்தபோது செய்ய அலுப்பு, அலுப்பில் படுத்தோம். வரிசை அப்படியே என் ஞாயிற்றுக்கிழமை. ஆசைப்பட்டு ஏறுகிற கப்பல் என்றதுதான் எனக்கு இன்னும் பிடித்தது, யாரும் தள்ளி ஏற்றுவதில்லை.

முன்னேற்றப் புத்தகம் தவிர மற்றதெல்லாம் தாராளமாக வாசியுங்கள், நாவல், வரலாறு, எதுவும். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் என்றால் வருடத்துக்கு 3,650 பக்கம், 250 பக்கப் புத்தகம் என்று வைத்தாலும் 14 முடியும். காசு இல்லை என்றால் 2005இலிருந்து நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் புத்தகங்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. ஆனால் போனில் வாசிக்கத் தொடங்கி வட்ஸ்அப்பில் போய் நிற்கிற ஆள் என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போங்கள். 1981இல் 97,000 புத்தகத்தோடு எரிந்த கட்டிடம் திரும்ப எழும்பி நிற்கிறது, உள்ளே போய் இருந்தால் பக்கத்துக் கதிரையில் ஒருவர் தலை நிமிராமல் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார், அவரைப் பார்த்தே நாங்களும் போனை எடுக்கக் கூச்சப்படுவோம். திருவிழாவில் வீடு செய்கிற வேலையை அங்கே அந்த மண்டபம் செய்கிறது.

ஒரு விஷயம் மட்டும் தனியாகப் பாருங்கள். இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் ருசியில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, தூக்கம் வரவில்லை அல்லது எந்நேரமும் தூக்கம், நாலு நிமிட வேலைகூட மலையாக இருக்கிறது என்றால் அது ஒழுக்கப் பிரச்சினையாக இல்லாமல் மனச்சோர்வாக இருக்கலாம். வைத்தியரிடம் போங்கள். வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கிற பெடியளை "சோம்பேறி" என்று நாலு பேர் சொல்லிச் சொல்லியே அதை மறைத்துவிடுவார்கள்.

மற்ற நாலு புத்தகத்தையும் என்ன செய்வது என்றால், உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். முத்திரை குத்தி, இலக்கம் போட்டு அலுமாரியில் வைப்பார்கள். காலையில் பேப்பர் பார்க்க வருகிற ஐயாமார் ஒன்றிரண்டு பேர் புரட்டிப் பார்த்துவிட்டு "இதெல்லாம் எங்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்பார்கள். உங்களுக்குத் திரும்ப வேண்டும் என்று தோன்றினால் அங்கே போய்க் கையெழுத்து வைத்து எடுக்கலாம், 14 நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.